உடைஞ்சுதா, உடைச்சியா?

சமையலறையில் 'சிலீர்' என்று ஒரு சத்தம்.

"என்னடா அது?"

"கண்ணாடி டம்ளர் உடைஞ்சிடுச்சும்மா."

"தானா உடைஞ்சுதா, நீ உடைச்சியா?"

இந்த விசாரணை நடக்காத தமிழ் வீடு இருக்காது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் 'உடைந்தது' என்றால் தப்பிக்கலாம், 'உடைத்தேன்' என்றால் முதுகில் ஒன்று விழும் என்பது நன்றாகத் தெரியும். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் பிறகு படிப்பதை அது முன்பே தெரிந்துவைத்திருக்கிறது. உடைந்தது, உடைத்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது. நடுவில் இருக்கும் 'ந்' போய் 'த்' வந்தால் போதும், அந்த வாக்கியத்துக்குள் ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறார்.

இந்த வாரம் 'குற்றம்' என்ற சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அகராதியைப் புரட்டப் புரட்ட வடசென்னைதான் நினைவுக்கு வந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் போகிற கடலோரத்தில், எந்தக் காரியத்துக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்பது பல வருஷங்களாகவே ஒரு வழக்கு மாதிரி நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் அகராதி. நம் பழைய நிகண்டுகள் இன்றைய ஒத்தசொல் அகராதிகளுக்குத் தாத்தா முறை. அந்த மரபில் குற்றத்துக்கு உள்ள சொற்களில் சிலவற்றைச் சொல்கிறேன்: மாசு, மறு, ஆசு, வடு, கசடு, நவை, ஏதம், புரை, துகள், கோது, தீது. பெரும்பாலானவை கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்கள். மாசு என்றால் அழுக்கு. மறு, உடம்பில் உள்ள புள்ளி. வடு, காயத்தின் தழும்பு. துகள், தூசி. கோது, சாறு போன பின் மிஞ்சும் சக்கை. கசடு, அடியில் தங்கும் மண்டி. அந்தக் காலத்துத் தமிழனுக்குக் குற்றம் என்பது மனசுக்குள் ஒளிந்திருக்கும் சமாச்சாரம் இல்லை. வெள்ளை வேட்டியில் பட்ட கறை மாதிரி, எதிரில் வருகிறவர் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த சொல் 'காசு'. காசுக்கும் குற்றம் என்று ஒரு பொருள் உண்டு. கம்பர் தம் காவியத்தின் தொடக்கத்தில் இராமனுடைய குறையற்ற வெற்றியைச் சொல்லும்போது இந்தப் பொருளில்தான் அதை ஆள்கிறார். நம் சட்டைப்பையில் இருக்கும் காசு வேறு சொல் என்பார்கள் அறிஞர்கள். இருந்தாலும் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நிற்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசு என்ற சொல் இன்று எங்கே இருக்கிறது? 1982இல் தொடங்கிய தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் பெயர்ப்பலகையில். நிகண்டுக்காரர் யாராவது இன்று கிண்டி பக்கம் வந்து அந்தப் பலகையைப் படித்தால், 'குற்றங்களைக் கட்டுப்படுத்தும் அலுவலகம்' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவார். நமக்கோ மாசு என்றால் தூசு, புகை, கறுப்புத் தண்ணீர். அழுக்கு அப்படியே இருக்கிறது. அதோடு ஒட்டியிருந்த குற்றம் என்ற பொருள் மட்டும் கழன்றுவிட்டது.

கசடும் அப்படித்தான். 2023 டிசம்பரில் அந்தச் சொல்லை நாம் தினமும் செய்தியில் படித்தோம். 'எண்ணெய்க் கசடு.'

அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் போட்டுப் புரட்டியது நினைவிருக்கும். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கழுத்தளவு தண்ணீர் என்று தொலைக்காட்சிகள் அங்கேயே முகாமிட்டிருந்தன. வடக்கே மணலியில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து எண்ணூர் கழிமுகம், அப்புறம் கடல். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் எல்லாம் கழிமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஊர்கள். படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கறுப்பு ஒட்டிக்கொண்டது. சிறகில் எண்ணெய் அப்பிக்கொண்டு நின்ற கூழைக்கடாக்களின் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. மீனவர்களே படகில் போய் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். வலையில் எண்ணெய் ஏறிவிட்டால் துவைத்து எடுக்க முடியாது. தூக்கித்தான் போட வேண்டும்.

அந்த நாள்களின் செய்தி வாக்கியங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 'எண்ணெய் கசிந்தது.' 'எண்ணெய் கலந்தது.' 'எண்ணெய்ப் படலம் பரவியது.' எல்லாமே டம்ளர் வாக்கியங்கள். கசிந்தது என்பதற்குக் 'கசியவிட்டது' என்று எழுதலாம். பரவியதுக்குப் 'பரப்பியது' உண்டு. கலந்தது என்பது இன்னும் வசதி, இரண்டு பக்கமும் நிற்கும். ஆனால் "பாலில் தண்ணீர் எப்படியோ கலந்துடுச்சும்மா" என்று பால்காரர் சொன்னால் நாம் விட்டுவிடுவோமா? எண்ணெய் விஷயத்தில் மட்டும் விட்டுவிடுகிறோம். செய்தி எழுதுபவரைக் குறை சொல்லவில்லை. விசாரணை முடிவதற்கு முன் ஆளைக் குறிப்பிட முடியாது, அது நியாயம்தான். விசாரணை நடந்த பிறகும் வாக்கியம் மாறாமல் நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். ஆலை வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதாமல் இருந்தது என்று மாசு கட்டுப்பாடு வாரியமே அந்த மாதத்தில் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இத்தனைக்குப் பிறகும் பேச்சில் அது 'எண்ணெய்க் கசிவு'தான்.

சரி, பேச்சு வழக்குக்கு வருவோம். நிகண்டுச் சொற்களை இன்று யாரும் சமையலறையில் சொல்வதில்லை. நம் நாக்கில் இருப்பவை மூன்று: பிழை, தப்பு, தவறு. இந்த மூன்றையும் அவற்றின் வினைச்சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

பிழைத்தல் என்றால் குறி தவறுதல். யானைமேல் எறிந்து குறி தவறிப்போன வேலைச் சொல்லும் இடத்தில் வள்ளுவர் இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார். வேல் பிழைத்தால் யானை என்ன ஆகும்? அதுவும் பிழைத்துவிடும்! தவறினாலும் பிழை, உயிர் தப்பினாலும் பிழைப்பு. அந்தப் பிழைப்புதான் பிறகு வயிற்றுப்பாட்டுக்கும் பெயராயிற்று. தப்பு என்பதும் அதே கதை. தப்பு செய்தான், தப்பித்தான். தவறுதல் என்றால் நழுவுதல். கை தவறி விழும், வாய் தவறி வரும், ஆள் இறந்துபோனாலும் "தவறிட்டார்" என்போம்.

ஆக, மூன்று சொல்லுக்குள்ளும் வேண்டுமென்றே செய்தான் என்ற எண்ணம் கிடையாது. குறி தப்பியது, கை நழுவியது, அவ்வளவே. இரண்டு சொல்லில் தப்பித்துப் போகும் வழியும் சேர்ந்தே இருக்கிறது. எழுத்துப்பிழை, அச்சுப்பிழை என்று சொல்வதில் உள்ள மென்மையைப் பாருங்கள். யாரும் எழுத்துக்குற்றம் என்று சொல்லிப் பிள்ளையை மிரட்டுவதில்லை.

இதில் திருவொற்றியூருக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. சுந்தரர் இந்த ஊருக்கு வந்து சங்கிலியாரைப் பார்த்து மனம் பறிகொடுக்கிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். சாமியே தோழர் என்பதால் சுந்தரர் ஒரு தந்திரம் செய்கிறார். நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொள்கிறார். சாமி சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார்! வேறு வழியில்லாமல் மரத்தடியில் சத்தியம் நடக்கிறது. கோயிலில் இன்றும் மகிழடி சேவை உற்சவம் உண்டு.

பிறகு வசந்த காலம் வந்ததும் திருவாரூர் நினைப்பு வந்து, சத்தியத்தை மறந்து சுந்தரர் கிளம்புகிறார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிய கணத்தில் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் வருகிறார். அங்கே பாடிய பதிகத்தில் தான் செய்ததற்கு அவர் போடும் சொல் 'பிழை'. தோழர் பொறுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் செய்தது என்கிறார். கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

செய்தவர் எப்போதும் தன் காரியத்தைப் பிழை என்றே சொல்வார். அது மனித இயல்பு, அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கதையில் சாமி, செய்தவர் சொன்ன சொல்லை ஏற்றுக்கொண்டு கணக்கை முடிக்கவில்லை. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கு உடைந்ததா, உடைத்தாரா என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

இன்னொரு தகவல். அந்தத் திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம், 1944இல் கட்டிமுடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை வேறு இடத்தில் எழுப்பினார்கள். பூண்டி அணை எந்த ஆற்றில் இருக்கிறது தெரியுமா? கொசஸ்தலையாறு. எண்ணூரில் கடலோடு சேர்கிற அதே ஆறு.

இப்போது 'குற்றம்'. இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு 1965இல் வந்த 'திருவிளையாடல்' படம் ஞாபகம் வரும். தருமியாக நாகேஷ், நக்கீரராக ஏ.பி. நாகராஜனே. அங்கே சண்டை கொலை, களவு பற்றியதல்ல. பாட்டில் ஒரு குறை. அதுதான் குற்றத்தின் பழைய பொருள். எதிரில் நிற்பது யாராக இருந்தாலும் குறையைக் குறை என்று சொல்லலாம் என்பதால்தான் அந்தக் காட்சி இன்றைக்கும் அலுக்காமல் ஓடுகிறது.

திருக்குறளில் 'குற்றங்கடிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 44ஆவது. எங்கே வைத்திருக்கிறார் பாருங்கள். பொருட்பாலில், அரசனைப் பற்றிய பகுதியில். கையில் அதிகாரம் உள்ளவனுக்கு வரக்கூடியது என்றுதான் குற்றத்தை அங்கே பேசுகிறார். சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் கண்ணகி சிலம்பை உடைத்ததும், அதிகாரிகள் தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. கள்வன் என்ற பட்டத்தைத் தனக்கே போட்டுக்கொண்டு விழுந்தான்.

அப்படி மேலே இருந்த சொல் எப்படிக் கீழே வந்தது? வெள்ளைக்காரன் 1871இல் ஒரு சட்டம் போட்டான். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. நாம் அதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்கிறோம். பிறந்த சாதியைப் பார்த்தே ஆயிரக்கணக்கான பேரைக் குற்றவாளி என்று பதிவுசெய்து, இரவில் ஊரைவிட்டு நகரக் கூடாது என்றார்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வடசென்னை என்றாலே ரவுடி, கத்தி, கஞ்சா என்று சினிமாக்காரர்கள் ஒரு தலைமுறையாக எடுத்துத் தள்ளுகிறார்கள். காசிமேட்டிலிருந்து வேலை தேடிப் போகிற பையன் முகவரியைச் சொல்லவே தயங்குகிறான். ஆற்றில் எண்ணெய் வந்தால் 'கசிவு', ஆற்றங்கரையில் பிறந்தால் 'குற்றவாளி' என்பது என்ன அகராதி?

'புறம்போக்கு' என்ற சொல்லும் இப்படித்தான். ஊர்ப் பொதுவில் இருந்த ஏரி, மேய்ச்சல் நிலம், கழிமுகத்துக்கெல்லாம் பெயராக இருந்தது, இன்று வசவு. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடி வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' எண்ணூரில்தான் படமானது. அந்தச் சொல்லைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

குற்றத்துக்கு மற்ற மூன்றுக்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. அதிலிருந்து ஆள் பிறக்கிறார். குற்றம், குற்றவாளி. பிழைக்குப் 'பிழையாளி' இல்லை, தவறுக்குத் 'தவறாளி' இல்லை, தப்புக்கும் இல்லை. எழுதிப் பாருங்கள், ஒட்டாது. அதனால்தான் குற்றம் என்ற சொல்லைப் போட எல்லோரும் பயப்படுகிறார்கள், அதை வாங்கிவிட வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்கள் பிடிவாதமாக நிற்கிறார்கள். (பாவம் என்ற சொல் இதிலும் விசித்திரம். செய்தவனுக்கும் பாவம், அனுபவிக்கிறவனைப் பார்த்தும் "ஐயோ பாவம்"!)

இரண்டுக்கும் நடுவில் நாம் வைத்திருப்பது 'விபத்து'. வடமொழியில் துன்பம், கெடுதி என்று பொருள். யாரும் செய்யாமல் வானத்திலிருந்து விழுகிற கெடுதி. 2017 ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயு ஏற்றும் பி.டபிள்யூ. மேப்பிள் வெளியே போகிறது, எண்ணெய் ஏற்றிவந்த டான் காஞ்சிபுரம் உள்ளே வருகிறது. எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு இல்லை என்று முதலில் துறைமுகத்தின் அறிக்கை வந்தது. அடுத்தடுத்த நாள்களில் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் கூழ் ஒதுங்கியது. திருவொற்றியூரைத் தாண்டி மெரினாப் பக்கமும் போனது. கடலோரக் காவல்படையினரோடு கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றிய காட்சி மறக்காது. காசிமேட்டில் மீன் வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். கடலில் கப்பல் மோதினால் அது விபத்துதான், ஒப்புக்கொள்வோம். ஆனால் கசடு கரைக்கு வந்து நிற்கும்போது எடுக்க வாளிதான் இருந்தது என்பதும் அதே விபத்தின் கணக்கில் சேருமா?

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் மூச்சை அடைக்கிற நெடி. கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு, கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. தூக்கத்தில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. எண்ணெய்க் கறை இன்னும் போகாத நேரம் அது. மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் இடம் பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று விசாரித்த குழு கருதியது. அதே குழு ரூ.5.92 கோடி சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கவும் பரிந்துரைத்தது.

மூன்று வாரத்துக்குள் இரண்டு சம்பவம், இரண்டிலும் புயல். அப்படியானால் புயல்தான் குற்றவாளியா? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் ரொம்ப நாளைக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 1985 டிசம்பர் 4ஆம் தேதி டெல்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு வெளியேறியது. போபால் நடந்து சரியாக ஒரு வருஷம். அந்த வழக்கில் 1986 டிசம்பரில், தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு ஒரு புதுக் கொள்கையைச் சொன்னது. ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் செய்கிறவர், அதனால் கெடுதி வந்தால் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். இயற்கை செய்தது, மூன்றாம் ஆள் செய்தது என்ற பழைய இங்கிலாந்துச் சாக்குகள் செல்லாது. பத்து வருஷம் கழித்து, 1996இல், நம் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாகவே ஏற்றது. 'மாசுபடுத்தியவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறவினை. ஆள் வந்துவிட்டார்.

2010இல் வந்த பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. விபத்து என்றால், யார்மேல் பிழை என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் பொறுப்பை விதிக்கச் சொல்கிறது. மீனவருக்கு இது பெரிய உதவி. ஆலைக்குள் எந்த வால்வு திறந்திருந்தது என்று காட்டுக்குப்பத்துக்காரர் எங்கே போய் நிரூபிப்பார்? ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. பணம் வரும், குற்றம் என்ற சொல் வராது.

அந்தச் சொல் இருக்க வேண்டிய இடம் குற்றவியல் சட்டம். அங்கே போய்ப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. காற்றை நச்சாக்குவது 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் குற்றம்தான், 278ஆவது பிரிவு. தண்டனை ரூ.500 வரை அபராதம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 280ஆவது பிரிவு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யோசித்து அபராதத்தை உயர்த்தியிருக்கிறார்கள். ரூ.1,000 வரை.

போபாலுக்குப் பிறகு 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை இருந்தது. 2023இல் நாடாளுமன்றம் ஜன் விஷ்வாஸ் சட்டம் மூலம் அதை எடுத்துவிட்டது. இப்போது ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை பணம் கட்டினால் போதும். கட்டாமல் விட்டால்தான் சிறை பற்றிய பேச்சு. நீதிமன்றத்துக்குப் போகாமல் அதிகாரியே முடித்துவிடலாம், சிறை என்று எழுதி வைத்து யாரை அனுப்பினார்கள், இதுவாவது உடனே நடக்கும் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நடந்தது என்னவென்றால், நேற்றுவரை குற்றமாக இருந்தது இன்று விதிமீறல் ஆகிவிட்டது. திருத்தம் நடைமுறைக்கு வந்த தேதி 2024 ஏப்ரல் 1. எண்ணூரில் எண்ணெயும் அம்மோனியாவும் வந்தது அதற்கு மூன்று மாதம் முன்பு.

சொல் ஒரு படி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் இருக்கிறது. மரணம் விளைவித்த குற்றம் என்று இருந்த வழக்கை, கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் குறைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்த வழக்கில் 2010 ஜூனில் தீர்ப்பு வந்தபோது இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்தது இரண்டு வருஷம்.

அபராதம் என்றேன் அல்லவா, அதன் கதை இன்னும் சுவாரசியம். வடமொழியில் அபராதம் என்றாலே குற்றம்தான். பூஜை முடிவில் சிலர் 'அபராத க்ஷமாபணம்' சொல்வது, நான் செய்த குற்றங்களைப் பொறுத்துக்கொள் என்று. தமிழில் நடக்க நடக்க அது குற்றத்தை விட்டுவிட்டு, குற்றத்துக்காகக் கட்டுகிற பணமாக மாறிவிட்டது. ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம், மின்கட்டணம் தாமதமானால் அபராதம். குற்றமே பணமாகிவிட்டால், கட்டி முடித்தவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? நிகண்டில் காசு என்றால் குற்றம் என்று பார்த்தோமே, அதற்கு எதிர்த்திசையில் இன்று அபராதம் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒரு ஜோடி: நிவாரணம், இழப்பீடு. இரண்டும் ஒன்றுதானே, எப்படியோ பணம் வந்தால் சரி என்று தோன்றும். நிவாரணம் என்றால் துன்பத்தை நீக்குதல். வெள்ளம் வந்தால், தீப்பிடித்தால், பார்த்து இரங்கி ஒருவர் கொடுப்பது. கொடுப்பவர் எதற்கும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இழப்பீடு என்பதில் இழப்பு இருக்கிறது, அதை ஈடு செய்ய வேண்டிய ஒருவரும் இருக்கிறார். எவ்வளவு இழப்பு என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். எத்தனை நாள் தொழிலுக்குப் போகவில்லை, எத்தனை வலை போயிற்று, கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களுக்கு இறால் திரும்ப எத்தனை மாதமாகும் என்பது வரை.

2023 டிசம்பரில் எண்ணூர் எண்ணெய்க்காக அரசு அறிவித்தது மொத்தம் ரூ.8.68 கோடி. மீனவக் குடும்பங்கள் 2,301க்குத் தலா ரூ.12,500. மற்றக் குடும்பங்கள் 6,700க்குத் தலா ரூ.7,500. படகுகள் 787ஐச் சரிசெய்யத் தலா ரூ.10,000. நாம் படித்த செய்தியில் அதற்கு இருந்த பெயர் நிவாரணம்.

(அடுத்த வாரம்: புறம்போக்கு)